ஒட்டிக்கொண்டே இருந்த பதினொரு சுருள்கள்

ஜூலை 8, செவ்வாய்

முதலில் ஒரு மன்னிப்பு. இது கல்லூரி ஆய்வகக் குறிப்புக்காக வாங்கி மிஞ்சிப்போன நோட்டு. வலப்பக்கம் கோடு, இடப்பக்கம் வெற்று. வரைபடம் போட வேண்டிய இடத்தில் சொந்தக் கதை எழுத எனக்கே கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனால் இன்றைக்கு யாரிடமாவது சொல்ல வேண்டும்போல் இருந்தது, சொல்ல வாய் வரவில்லை. வழக்கம்போல.

பதினொரு சுருள்கள் திரும்பி வந்துவிட்டன.

எங்கள் கம்பெனி தண்ணீர் மோட்டாருக்குள் போகும் செம்புக் கம்பிச் சுருளை எப்பாக்ஸிப் பிசினில் புதைத்துக் கொடுக்கிறது. பிசின் இறுகினால் கண்ணாடி மாதிரி டக்கென்று ஒலிக்க வேண்டும். திரும்பி வந்தவற்றைத் தொட்டால் விரல் ஒட்டுகிறது. அட்டைப்பெட்டியின் துணுக்குகள், யாரோ ஒருவருடைய நீளமான தலைமுடி, ஒரு கொசு, எல்லாம் ஒட்டியிருந்தன. எங்கள் லேப் சீனியர் கொசுவை உற்றுப் பார்த்து, "இதுவும் நம்ம கஸ்டமர்தான், கம்ப்ளைண்ட் குடுக்க முடியாம போச்சு" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. மேனேஜர் நின்றுகொண்டிருந்ததால் இருமிக் கொண்டேன்.

ஜூலை 9, புதன்

மேனேஜர் வார்ப்புப் பதிவேட்டைப் புரட்டிக் கண்டுபிடித்துவிட்டார். பதினொன்றும் இரண்டே நாளில் வார்த்தவை. ஜூன் 13, ஜூன் 27. இரண்டும் வெள்ளிக்கிழமை.

"வெள்ளிக்கிழமை சாயங்காலம். வீட்டுக்குப் போற அவசரம். ஹார்டனரைக் கொறைச்சு ஊத்திட்டாங்க. வேற என்ன?"

ஊற்றியவர் கலவை அக்கா. பன்னிரண்டு வருடமாகக் கீழ்த்தளத்தில் பிசினையும் அதை இறுகவைக்கும் ஹார்டனரையும் எடை போட்டுக் கலப்பவர். நூறுக்கு முப்பது. தராசு முள் நிற்பதற்குள் அவர் கை நின்றுவிடும். அவரை இன்று காலை பேக்கிங்குக்கு அனுப்பிவிட்டார்கள், விசாரணை முடியும்வரை. அதுவரை வார்ப்பும் நிறுத்தம். இருபத்தைந்தாம் தேதிக்குள் லேப் அறிக்கை தர வேண்டும். அளவு தப்பு என்று நாங்கள் எழுதினால் அக்கா பேக்கிங்கிலேயே இருந்துவிட வேண்டியதுதான். அதை மேனேஜர் எல்லார் முன்னாலும் சொன்னார்.

மதியம் பேக்கிங் பக்கம் போனேன். அக்கா அட்டைப்பெட்டிக்கு லேபிள் ஒட்டிக்கொண்டிருந்தார்.

"வா, பூனைக்குட்டி. எப்ப வந்தே? சத்தமே இல்ல. கழுத்துல மணி கட்டணும் உனக்கு."

நான் நடந்தால் சத்தம் வராதாம். வந்த முதல் வாரமே வைத்த பெயர்.

"அக்கா, நீங்க..."

"அளவு தப்பல. நான் சொன்னா யாரு கேப்பா? உன் மெஷின்கிட்ட கேளு. அது படிச்ச மெஷின்." ஒட்டிய லேபிளைப் பார்த்தேன். தலைகீழாக இருந்தது. நான் சொல்லவில்லை; அவரே பார்த்து, "இந்த ஊட்டுக்கு இப்படித்தான் மருமக" என்று தன்னையே சொல்லிக்கொண்டு கிழித்தெடுத்தார்.

ஜூலை 10, வியாழன்

காலை முழுக்க ஐ.ஆர்., அதாவது அகச்சிவப்பு மெஷின். சீனியர் பக்கத்தில் உட்கார்ந்து பிஸ்கட் சாப்பிட்டார், நான் ஓட்டினேன்.

இதை எழுதிவைக்கிறேன், எனக்குப் பிடித்த விஷயம் என்பதால். பிசின் பெயிண்ட் மாதிரி காய்வதில்லை. அதிலிருந்து எதுவும் ஆவியாகிப் போவதில்லை. ஒவ்வொரு பிசின் மூலக்கூறின் நுனியிலும் முக்கோணமாக ஒரு சின்ன வளையம் இருக்கிறது. இறுக்கிப் பிடித்துக் கட்டின முக்கோணம், எப்போது அவிழலாம் என்று காத்திருப்பது. ஹார்டனரில் இருக்கும் அமீன் வந்து தொட்டதும் வளையம் திறந்து அதைப் பிடித்துக்கொள்ளும். ஒரு அமீன் பலரைப் பிடிக்கும். பிடித்துப் பிடித்து கடைசியில் கோப்பை முழுவதும் ஒரே வலை. பிடிக்கும்போது சூடு வேறு.

இதைக் கண்ணால் பார்க்க முடியாது. ஆனால் அகச்சிவப்பு ஒளியை அதன்மேல் விட்டால், ஒவ்வொரு பிணைப்பும் தனக்குப் பிடித்த அலையை மட்டும் விழுங்கிக்கொள்ளும். விழுங்கிய இடத்தில், மெஷின் வரையும் கோட்டில் பள்ளம் விழும். முக்கோண வளையத்தின் பள்ளம் 915 என்ற அலையெண்ணில். இறுக இறுக அந்தப் பள்ளம் தூர்ந்துகொண்டே வரும். 1510-இல் பென்சீன் வளையத்தின் பள்ளம், யார் வந்தாலும் போனாலும் அசையாது. அதை வைத்துத்தான் மற்றதை அளப்போம்.

நல்ல சுருளில் 915 கிட்டத்தட்டத் தூர்ந்திருந்தது. ஒட்டும் சுருளில் பள்ளம் அப்படியே கிடந்தது. மேனேஜர் எட்டிப் பார்த்து, "வளையம் மிச்சம் இருக்குன்னா ஹார்டனர் பத்தலன்னு அர்த்தம். அதானே?" என்றார். சீனியர் வாயில் பிஸ்கட்டோடு தலையாட்டினார்.

அதுதான். ஆனால் அது மட்டும் இல்லை. 1560 பக்கத்தில் ஒரு சின்னக் குழி இருக்கிறது. நல்ல சுருளில் அது இல்லை. ஹார்டனர் வெறுமனே குறைந்திருந்தால், புதிதாக ஒன்று எங்கிருந்து முளைக்கும்?

இதை நான் சொல்லவில்லை. "சார்" வரைக்கும் வந்தது. அதற்குள் அவருக்கு போன் வந்துவிட்டது. போன் வந்தது நல்லதாய்ப் போயிற்று என்று நினைத்தேனே, அதுதான் வெட்கம்.

ஜூலை 11, வெள்ளி

மழை. மறுபடி ஓட்டினேன். குழி அங்கேயேதான் இருக்கிறது.

ஜூலை 13, ஞாயிறு

அப்பாவுக்கு இன்று வேலை இல்லை. வீடுகளுக்குப் பெயிண்ட் அடிப்பவருக்கு மழைக்காலம் முழுக்க ஞாயிறுதான். தெருமுனைத் தையல்காரரிடம் "எம்பொண்ணு கம்பெனியில வெளிச்சம் பாக்குறா" என்று சொல்லியிருக்கிறார். அவர் என்னைக் கூப்பிட்டுத் தன் கடை டியூப்லைட் ஏன் மினுக்குகிறது என்று கேட்டார்.

வீட்டில் மெஷினைப் பற்றிச் சொன்னேன். மாதிரியை ஒரு வைரத்தின்மேல் வைத்து அழுத்த வேண்டும் என்றதும் அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள்.

"வைரமா? நிஜ வைரமா?"

"ஆமாம்மா."

"எவ்ளோ பெருசு?"

"குண்டூசித் தலை அளவு."

"அவ்ளோதானா?" என்று அம்மா திரும்பிப் போய் அடுப்பைப் பற்றவைத்தாள்.

அப்பாவுக்கு ஒரே சந்தேகம். "காயாதுங்கிறே, ஆவியாகாதுங்கிறே, அப்புறம் எப்படிம்மா இறுகும்?" கைகளைக் கோத்துக் காட்டினேன். "சரி, அப்ப கைய எவன் தட்டி விட்டான்?" என்றார்.

நல்ல கேள்வி. அமீனின் கையை வேறு யாரோ முன்பே பிடித்திருக்க வேண்டும். பிசினிடம் வருவதற்கு முன்பே. யார்? மழைக்காற்றில் இருக்கும் ஈரமும் கரியமில வாயுவும். கல்லூரியில் இரண்டு மதிப்பெண் கேள்வி அது! அமீன் காற்றுப் பட்டால் வெள்ளையாக உப்பு கட்டும். அந்த உப்பு 1560 பக்கத்தில்தான் விழுங்கும். குதித்துவிட்டேன். அம்மா பல்லி என்று நினைத்தாள்.

ஜூலை 14, திங்கள்

எழுதக் கை வரவில்லை. ஆனாலும் எழுதுகிறேன்.

காலையில் கீழே போய் ஹார்டனர் டிரம்மைத் திறந்தேன். அடியில் நாலு விரல் அளவுதான் மிச்சம். டிரம்மின் உள்விளிம்பில் சுற்றிலும் வெள்ளைப் பொருக்கு. கரண்டியால் சுரண்டி எடுத்துப்போய் வைரத்தில் வைத்தேன். 1560. ஆழமாக.

ஒரு டிரம் சரியாக இரண்டு வாரம் வரும். கைப்பம்பு அடியிலிருந்துதான் உறிஞ்சும். காற்றுப் பட்ட மேல்பகுதி கடைசி நாள்தான் கீழே வரும். கடைசி நாள் வெள்ளிக்கிழமை. எல்லாம் ஒன்றோடு ஒன்று பொருந்தியதும் அப்படி ஒரு சந்தோஷம். அக்கா தப்பித்தார்! மாடிப்படியில் இரண்டிரண்டாக ஏறினேன்.

ஏழாவது படியில் நின்றுவிட்டேன்.

டிரம்முக்குள் காற்று எப்படிப் போகும்? பம்பு போகிற ஓட்டை அடைப்பு போட்டது. பெரிய மூடியைக் கலப்பவர்கள் திறப்பதே இல்லை. அதைத் திறக்கிறது ஒரே ஒரு ஆள். தினமும் காலையில் நிறமும் கெட்டித்தன்மையும் பார்க்க மாதிரி எடுக்கப் போகும் ஆள்.

நான்.

மூடியை வைப்பேன். ஆனால் மூடியைச் சுற்றி ஒரு இரும்பு வளையம் இருக்கிறது. அதன் பிடியை மடக்கினால்தான் மூடி இறுகும். மடக்கினால் டமார் என்று ஒரு சத்தம் வரும். கீழ்த்தளத்தில் இருக்கிற அத்தனை பேரும் திரும்பிப் பார்ப்பார்கள். வந்த முதல் நாள் பார்த்தார்கள். யாரோ "லேப் மேடம் வந்தாச்சு டோய்" என்றான். அன்றிலிருந்து வளையத்தை மெதுவாக மூடிமேல் சார்த்திவைத்துவிட்டு வந்துவிடுவேன். மடக்கியதே இல்லை. பிப்ரவரியில் காற்று வறண்டு கிடந்தது, ஒன்றும் ஆகவில்லை. ஜூனில் மழை வந்தது.

சத்தம் கேட்கும் என்று மூடவில்லை. இதை நான் எந்த வாயால் சொல்ல? எந்த அறிக்கையில் எழுத? ஆகஸ்ட் ஒன்றாம் தேதி என் ஆறு மாதச் சோதனைக் காலம் முடிகிறது.

சாயங்காலம் புது டிரம்மிலிருந்து இரண்டு சீசா ஹார்டனர் எடுத்தேன். ஒன்றை இறுக்கி மூடினேன். இன்னொன்றில் மூடியைச் சும்மா சார்த்தினேன், நான் சார்த்துகிற மாதிரியே. இரண்டையும் ஜன்னலோரம் வைத்தேன்.

ஜூலை 15, செவ்வாய்

சொல்லவில்லை. பேக்கிங் பக்கமே போகவில்லை. கோழை.

ஜூலை 16, புதன்

சொல்லிவிட்டேன்.

மதிய இடைவேளை. அக்கா பெட்டிகளின்மேல் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். நான் நின்றபடியே ஒரே மூச்சில் சொன்னேன். வளையம், சத்தம், மழை, வெள்ளைப் பொருக்கு. கடைசியில் என்ன சொன்னேன் என்று எனக்கே கேட்கவில்லை.

அக்கா டம்ளரைக் கீழே வைத்தார்.

"ஒரு வாரமா எனக்கு என் கைமேலயே சந்தேகம் வந்துருச்சு, தெரியுமா? வீட்டுல உப்புக்கூட ரெண்டு தடவ பாத்துப் போடுறேன். பன்னெண்டு வருசம். நீ சத்தம் வரும்னு மூடல."

"மன்னிச்சிருங்கக்கா."

"சும்மா இரு, நான் இன்னும் முடிக்கல."

சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.  பிறகு தோள் குலுங்கியது. அழுகிறார் என்று பயந்தேன். சிரிக்கிறார்! "சத்தம் வரும்னு... ஐயோ... இத வெளிய சொன்னா நம்புவாங்களா?" புரை ஏறி, நான் முதுகில் தட்டி, அப்புறமும் சிரித்தார்.

சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, சாதாரணமாக ஒன்று சொன்னார். அதுதான் இன்று முழுக்க என்னைக் குடைகிறது.

"அந்த வளையம் தொறந்து கெடக்குறத நான் பாத்திருக்கேன். அந்த ரெண்டு வெள்ளிக்கிழமயும் கலவைல சூடும் கொறச்சலாத்தான் இருந்துச்சு, கையில தெரிஞ்சுது. சொல்லலாம்னு நெனச்சேன். லேப்புல கையெழுத்துப் போட்ட டிரம்மாச்சே, ஏதோ காரணமாத்தான் தொறந்து வச்சிருப்பாங்கன்னு விட்டுட்டேன். நான் யாரு சொல்ல?"

அவர் நான் படித்தவள் என்று பேசவில்லை. நான் அவர்கள் பார்ப்பார்கள் என்று மூடவில்லை. நடுவில் பதினொரு சுருள்.

பிறகு என்னைக் கையைப் பிடித்துக் கீழ்த்தளத்துக்கு இழுத்துக்கொண்டு போனார். "மூடு."

மூடினேன். டமார். எல்லாரும் திரும்பினார்கள்.

"இன்னொரு தடவ."

டமார்.

"பத்து தடவ மூடு. எண்ணு, எனக்குக் கேக்குற மாதிரி."

மூன்றாவது தடவையிலேயே பார்த்தவர்கள் வேலைக்குத் திரும்பிவிட்டார்கள். ஏழாவது தடவை ஒருவரும் பார்க்கவில்லை. பத்தாவதை நான் கொஞ்சம் ஓங்கியே அடித்தேன்.

ஜூலை 18, வெள்ளி

சார்த்திய சீசாவின் வாயில் வெள்ளை தெரிகிறது. பொடியாக, சீனி ஒட்டிய உதடு மாதிரி. சீனியர் பார்த்துவிட்டு, "என்ன பரிசோதனை இது? நான் ஒண்ணும் சொல்லலியே" என்றார். உண்மையைச் சொன்னேன். சொல்வது இது இரண்டாவது தடவை என்பதால் பாதி நேரம்தான் பிடித்தது. அவர் ரொம்ப நேரம் பிஸ்கட் சாப்பிடாமல் இருந்தார். "பத்தாந்தேதி அந்தக் குழிய நானும் பாத்தேன்" என்றார் கடைசியில். "கேட்டா வேலை ஜாஸ்தியாகும்னு பேசாம இருந்துட்டேன்."

ஆக, வாயை மூடத் தெரிந்தவர்கள் மூன்று பேர். மூட வேண்டிய மூடி மட்டும் திறந்து கிடந்தது.

ஜூலை 23, புதன்

இரண்டு கோப்பை. இரண்டுக்கும் அக்காவே எடை போட்டார், பேக்கிங்கில் "தலைவலி" என்று சொல்லிவிட்டு வந்து. நூறுக்கு முப்பது, புள்ளி பிசகாமல். நான் நேரம் குறித்தேன்.

இறுக்கி மூடிய சீசாவின் கோப்பை இருபத்தைந்து நிமிடத்தில் கொதித்தது. அக்கா கைமாற்றிக் கைமாற்றிப் பிடித்துக் கடைசியில் கீழே வைத்தார். மற்றது வெதுவெதுப்போடு நின்றுவிட்டது. "இது எந்திரிக்காது" என்றார். மெஷினுக்குத் தெரிய நாளைக் காலை ஆகும். அவர் உள்ளங்கைக்கு அரை மணி நேரம்.

ஜூலை 24, வியாழன்

ஒன்றில் 915 தூர்ந்துவிட்டது. மற்றதில் கிடக்கிறது, 1560-ம் இருக்கிறது. திரும்பி வந்த சுருளின் கோட்டைப் பக்கத்தில் வைத்தேன். குழிக்குக் குழி ஒன்றே. ஜன்னல் கண்ணாடியில் இரண்டு தாளையும் ஒன்றின்மேல் ஒன்று பிடித்துப் பார்த்தேன். அழகாக இருந்தது. என் தப்புதான், ஆனாலும் என்ன ஒரு அழகு!

ஜூலை 25, வெள்ளி

கூட்டம். சீனியர் பேசுவதாகத்தான் ஏற்பாடு. அவர் எழுந்து, "இதைக் கண்டுபுடிச்சது இவங்க. இவங்களே சொல்லட்டும்" என்று உட்கார்ந்துவிட்டார். துரோகி. (இல்லை. நல்லவர்.)

எழுந்தேன். தாள் சலசலத்ததால் மேசைமேல் வைத்துவிட்டுப் பேசினேன். அளவு சரி, ஹார்டனர் காற்றுப் பட்டுக் கெட்டது, மூடாதது நான். ஏன் மூடவில்லை என்று மேனேஜர் கேட்டார். சொன்னேன். அறையில் யாரும் சிரிக்கவில்லை. அது சிரிப்பதைவிட மோசம். பின் வரிசையில் இருந்த அக்கா மட்டும் இருமினார். எனக்குத் தெரியும் அது என்ன இருமல் என்று.

மேனேஜர் இரண்டு தாளையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "நீ இத சொல்லாம இருந்திருந்தா யாருக்கும் தெரிஞ்சிருக்காதே" என்றார்.

"அக்கா பேக்கிங்ல இருந்திருப்பாங்க சார்."

"உம்" என்றார். அக்காவைத் திங்கட்கிழமை முதல் கலவைக்கு வரச் சொன்னார். என்னைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

ஜூலை 27, ஞாயிறு

அப்பாவிடம் சொன்னேன். இதற்குத்தான் கூட்டத்தைவிடப் பயந்தேன். பெயிண்ட் டப்பாவை மூடியபின் சுத்தியால் நாலு பக்கமும் தட்டிவிட்டு, மறுபடி ஒரு சுற்று தட்டுகிறவர். அவர் மகள் டிரம்மை மூடவில்லை.

அப்பா வாயைத் திறந்தார். மூடினார். அம்மாவைப் பார்த்தார். "எல்லாம் உன் வம்சம்" என்றார்.

ஆகஸ்ட் 1, வெள்ளி

காலையிலேயே மேனேஜர் அறைக்குக் கூப்பிட்டார்கள். மூன்று நாளாக ஒன்று கேட்க வேண்டும் என்று மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தேன். வேலை இருந்தால் கேட்பது, இல்லாவிட்டால் விட்டுவிடுவது என்று நினைத்திருந்தேன். படியேறும்போது மாற்றிக்கொண்டேன். இல்லாவிட்டாலும் கேட்டுவிடுவது.

வேலை இருக்கிறது. சோதனைக் காலம் மட்டும் மூன்று மாதம் கூட. கடிதத்தில் கையெழுத்துப் போட்டேன். புது டிரம்மில் மாதிரி எடுக்கப் பக்கவாட்டில் ஒரு சின்னக் குழாய் வைக்கப் போகிறார்களாம், இனி மூடியையே திறக்க வேண்டாம். ஐ.ஆர். பரிசோதனையும் வாரம் ஒருமுறை கட்டாயம். இவையெல்லாம் அறிக்கையில் நான் எழுதியவை. ஒவ்வொன்றையும் அவர் படிக்கப் படிக்க நான் தலையாட்டினேன்.

"அவ்வளவுதானே?" என்று பேனாவை மூடினார்.

எழுந்தேன். நாற்காலியை உள்ளே தள்ளினேன். கதவு வரைக்கும் போய்விட்டேன்.

"சார், அறிக்கையில எழுதாத ஒண்ணு இருக்கு."

"சொல்லு."

"நான் சரின்னு கையெழுத்துப் போட்ட டிரம்மா இருந்தாலும், கலவை அக்கா வேண்டாம்னு சொன்னா அத ஓட்டக் கூடாது. காரணம் கேக்காம நிறுத்தணும். அத விதியா எழுதி, கீழ எல்லாரும் பாக்குற எடத்துல ஒட்டிக் குடுங்க சார்."